மூன்றாம் காம்பராவின் ரொட்டிச் சத்தம்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓடும் எங்கள் லயத்தில், குடும்பத்துக்கு ஒரு அறையாக இருக்கும் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரைக்கும் வெறும் இடைவெளிதான். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்துக் காம்பராவின் புகை வரும், இருமல் வரும், சண்டை வரும். விடிவதற்கு முன்னால் ரொட்டி தட்டும் சத்தம் வரும்.

கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விடியலில் ரொட்டி சுட்டாக வேண்டும். காலைக்கும் அதுதான், மலையில் பகலுக்கும் அதுதான். தேங்காய்ப்பூவையும் கோதுமை மாவையும் பிசைந்து பலகையில் வைத்து உள்ளங்கையால் தட்டுவார்கள். ஒவ்வொரு வீட்டுத் தட்டும் ஒவ்வொரு மாதிரி. முதல் காம்பராவில் அவசரமாகத் தட்டுவார்கள். எங்களுக்குப் பக்கத்தில் மூன்றாம் காம்பராவில் நிதானமாக, தாளம் போடுவது போல் தட்டுவாள் ஒரு தங்கச்சி. எனக்கு அவள் சொந்தமில்லை. என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். இதை எழுதலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, பேரு மட்டும் போட்றாதீங்க" என்றாள். யாருடைய பேரையும் போடவில்லை.

காலையில் ஒரு காம்பராவில் சத்தம் வராவிட்டால், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாராவது கேட்டுவிடுவார்கள். "என்ன, இன்னைக்கு ரொட்டி சுடலயா?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவளுக்கு அது பெரிய கேள்வி.

விலைவாசி ஏறி எல்லாரும் தத்தளித்த வருஷங்களில் மாவு விலையும் ஏறியது. தங்கச்சியின் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குக் கொழும்புக்குப் போனவர். முதலில் மாதாமாதம் பணம் அனுப்பினார், பிறகு எப்போதாவது அனுப்பினார், பிறகு ஃபோனும் எடுக்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவனைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அவள் மலைக்குப் போவாள். தாய்மார் வேலை முடிந்து வரும் வரைக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது.

அந்த நாட்களிலும் மூன்றாம் காம்பராவிலிருந்து ரொட்டி தட்டும் சத்தம் தவறாமல் வந்தது. ஆனால் வாசனை வரவில்லை.

அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. சூடான கல்லில் மாவு விழுந்ததும் எழும்பும் வாசனை ஒன்று இருக்கிறது, தேங்காய் கருகத் தொடங்கும்போது வருவது. சுவருக்கு மேல் அது வராமல் போகாது. எனக்குத்தான் தடிமன் பிடித்து மூக்கடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் விடியலில் அடுப்பெரிக்க மிலாறு எடுக்க ஸ்டூலில் ஏறினேன். மிலாறு என்றால் தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது கழியும் குச்சி. அடுப்புக்கு மேலே பரணில் காயப் போட்டு வைத்திருப்போம். ஏறியபோது என் தலை சுவருக்கு மேலே போனது. நான் பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. அவள் அடுப்பில் கேத்தலை வைத்திருந்தாள். முன்னால் பலகை கிடந்தது. பலகையில் எதுவும் இல்லை. கொஞ்சம் குனிந்து உட்கார்ந்து, வெறும் பலகையை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுப் பலகையைத் திருப்பினாள், மாவைத் திருப்புவது போல. மறுபடி தட்டினாள். பிள்ளைகள் மூலையில் ஒரே கம்பளிக்குள் தூங்கினார்கள்.

நான் அவசரமாக இறங்கும்போது கையிலிருந்த ஒரு மிலாறு நழுவி அவள் பக்கம் விழுந்தது. சத்தம் நின்றது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கினாள்.

அன்றைக்கு எனக்கு ரொட்டி இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் "என்ன ஒரு மாதிரியா இருக்க?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். அவரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வாயிலிருந்து வெளியே வந்துவிட்டால், பிறகு அது லயத்துப் பேச்சு.

நான் பொகவந்தலாவை பஜாரில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். லொறியில் கொழும்புக்குப் போகும் மரக்கறியைப் பிரித்து அடுக்கும் வேலை. நேராக இருக்கும் கரட் லொறிக்கு. இரண்டு காலாகப் பிரிந்தது, முறிந்தது, குட்டையானது எல்லாம் ஒரு பக்கம். லீக்ஸின் பச்சை இலையை வெட்டிப் போடுவோம், கோவாவின், அதாவது முட்டைக்கோஸின், மேல் இலையை உரித்துப் போடுவோம். பிரிக்கிறவர்கள் மாலையில் ஒரு பை கட்டிக்கொண்டு போகலாம், அது எங்கள் கடை வழக்கம். அதற்கு மேலும் மிஞ்சுவது கடைக்குப் பின்னால் ஆற்றோரம் போய்விடும். மாடுகள் வந்து தின்னும். மழை நாளில் ஆறே கொண்டு போகும்.

இதைப் பார்த்துக் கேட்டவர் தோட்டத்து முன்பள்ளி டீச்சர். நானும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் மேலே படித்தார், நான் ஓ.எல். எழுதியதோடு சரி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுந்து பாடம் வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் கடைக்கே வந்து முதலாளியிடம் கேட்டார். "நானா, இதையெல்லாம் ஆத்துல கொட்டுறீங்களே. எங்க தோட்டத்துக்குக் குடுத்தா சமைச்சுக் குடுப்போம்ல?"

முதலாளி முஸ்லிம், எங்கள் எல்லாருக்கும் நானா, அதாவது அண்ணன். பஜாரில் பழைய கடை. யோசித்துத்தான் பேசுவார்.

"குடுக்கிறதுக்கு என்ன டீச்சர். நீங்க அழுகினத ஆக்கிக் குடுத்து, புள்ளையளுக்கு வயித்தால போனா, என்ட கடைப் பேருதானே வெளியில வரும்."

"அழுகினது ஒண்ணும் வராது. இவ பிரிச்சுத் தருவா."

"இவவா? இவ வேலைக்கு வந்ததிலிருந்து என்னோட ஒழுங்காக் கதைச்சதே இல்லையே."

"கதைக்க வேணாம் நானா. கண்ணு நல்லாத்தானே இருக்கு."

அப்படித்தான் தொடங்கியது. மரக்கறி கிடைத்துவிட்டது. அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் வேண்டும். டீச்சர் ஒரு பால்மா டின்னுக்குக் காகிதம் ஒட்டி, மூடியில் ஓட்டை போட்டு என் கையில் கொடுத்தார். சம்பள நாள் பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

"என்னால கேக்க முடியாது டீச்சர்."

"நீ கேக்கவே வேணாம். டின்னப் பிடிச்சிட்டு நில்லு. ஒன் மூஞ்சியப் பாத்தாலே போடுவாங்க."

நின்றேன். தலையைக் குனிந்துகொண்டு டின்னை மட்டும் நீட்டினேன். ஹட்டன் பஸ்ஸின் கண்டக்டர் தம்பி ஒருத்தன் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே கேட்டான், "அக்கா, எந்தக் கோயில் திருவிழா?" டீச்சர்தான் சொன்னார், "கோயிலுக்கு இல்ல தம்பி, வயித்துக்கு." "அப்படின்னா வருஷம் முழுக்கத் திருவிழாதான்" என்று சொல்லிவிட்டு அவன் காசு போட்டான். பஸ்ஸில் இருந்தவர்களையும் போட வைத்தான்.

டின்னைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் எனக்குள் ஒன்றுதான் ஓடியது. இது மூன்றாம் காம்பராவுக்குப் போய்ச் சேர வேண்டும். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், யாருக்கும் தெரியாமல், தானாகவே போய்ச் சேர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயில் முன்னால் பெரிய கிடாரத்தில் மரக்கறி போட்டுச் சோறு ஆக்கினோம். டீச்சர் கோயிலின் மைக் செட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வோம். காலையில் ஆள் கூடும் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள். சம்பளத்துக்கும் பேர் கூப்பிடுவார்கள். கூட்டம் ஒழுங்காக இருக்க வேண்டுமென்றால் வரிசையாகக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் ஊறிப்போனது. அது சோற்றுக்குச் சரிப்படாது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"மேல் லயம், முதலாம் காம்பரா வாங்க. ரெண்டாம் காம்பரா வாங்க."

தட்டும் சட்டியுமாக வந்தார்கள். சிரிப்பும் கேலியுமாக இருந்தது. "எனக்கு அடிச்சட்டி வேணாம் டீச்சர், மேல இருந்து போடுங்க" என்றது ஒரு குரல்.

"மூணாம் காம்பரா வாங்க."

யாரும் வரவில்லை. கோயிலிலிருந்து எங்கள் லயம் நன்றாகத் தெரியும். கதவு பாதி திறந்திருந்தது.

டீச்சர் நல்ல மனசோடுதான் மறுபடி கூப்பிட்டார். "மூணாம் காம்பரா, வந்து வாங்கிக்கங்க. வெக்கப்பட வேணாம்."

வரிசையில் நின்ற எல்லாரும் திரும்பி அந்தக் கதவைப் பார்த்தார்கள். சின்னவன் ஒரு தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவனை இழுத்துக்கொண்டது. கதவு மூடியது.

தன் முறைக்குக் காத்திருந்த கடைசிக் காம்பராப் பெண் எனக்கு முன்னால் நின்றாள். "அவங்களுக்கு எதுக்கு டீச்சர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுக்கிறீங்க?" என்றாள். "தெனம் விடியக்காலம் ரொட்டி தட்டுற சத்தம் எங்க காம்பரா வரைக்கும் கேக்குது. இல்லாதவங்களுக்குக் குடுங்க."

"அப்படியா, சரி. நாலாம் காம்பரா" என்றார் டீச்சர்.

நாலாம் காம்பரா நான்தான். பார்த்ததைச் சொல்லிவிட நினைத்தேன். சொன்னால் அவளுக்குச் சோறு கிடைக்கும். ஆனால் அவள் விடியல்தோறும் வெறும் பலகையில் தட்டித் தட்டிக் காப்பாற்றியது போய்விடும். நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கிடாரத்தில் சோறு மிஞ்சியது. மாலையில் அது புளிக்கத் தொடங்கி, மாட்டுக்குப் போனது. ஆற்றோரம் போக வேண்டியதை மலைக்குத் தூக்கி வந்து, அரிசியும் எண்ணெயும் சேர்த்து மாட்டுக்குக் கொடுத்தோம்.

அந்த வாரமே அவள் மலையில் விழுந்தாள். சரிவில் கொழுந்து பறிக்கும்போது கண் இருட்டி, அப்படியே தேயிலைச் செடிக்கிடையில் உட்கார்ந்து சாய்ந்துவிட்டாளாம். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். அடி எதுவும் படவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவர்களிடம் "ரொட்டிதான்" என்று சொன்னாள். கூட வந்த பெண்களும் ஆமாம் என்றார்கள். சத்தம் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

மறுநாள் கடையில் லீக்ஸ் பிரிக்கும்போது கை வேலை செய்தது, மனசு அங்கே இல்லை. மாலையில் வழக்கமான பையோடு, கழித்துப் போட்ட லீக்ஸும் கரட்டும் ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கினேன். கேட்டேன் என்றால், சாக்கைக் காட்டினேன், முதலாளி தலையாட்டினார். பஸ்ஸில் ஏற்றி, இறக்கி, லயம் வரைக்கும் சுமந்து போய் மூன்றாம் காம்பரா வாசலில் வைத்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த பேச்சு அந்த இடத்தில் மறந்து போனது.

"தங்கச்சி, ஒரு உதவி."

"என்னக்கா?"

"இதெல்லாம் நாளைக்குப் பிள்ளைக் காம்பராவுக்கு. மண்ணு போகக் கழுவி வெட்டணும். தனியா முடியல."

அவள் சாக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் லீக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மைக்ல கூப்பிடுவீங்களா?"

"இல்ல."

"கத்தி எடுத்திட்டு வாறேன்" என்றாள்.

இரண்டு பேரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெட்டினோம். காம்பராவுக்கு முன்னால் கூரை இறங்கிய சின்ன இடம்தான் இஸ்தோப்பு. லீக்ஸ் மடிப்புக்குள் மண் இருக்கும், அதை நீளவாக்கில் கீறி விரித்துக் கழுவ வேண்டும். ஒரு தடவை காட்டினேன், என்னைவிட வேகமாகச் செய்தாள். பெரியவள் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினாள். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. முடிந்ததும் ஒரு பங்கை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

"இது என்னக்கா?"

"பிரிச்சவங்களுக்கு ஒரு பை. எங்க கடை வழக்கம்."

"நெசமா?"

"முதலாளிக்கிட்ட வேணும்னா கேட்டுப் பாரு."

அவள் வாய்க்குள் சிரித்தாள். பையை எடுத்து உள்ளே வைத்தாள். அன்று இரவு அவர்கள் வீட்டில் லீக்ஸ் வதங்கும் வாசனை சுவருக்கு மேலே வந்தது.

டீச்சரிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "மைக் வேணாம் டீச்சர். வெட்ட வரச் சொல்லுங்க. வெட்டுனவங்க சட்டியில எடுத்திட்டுப் போகட்டும்." ஏன் என்று அவர் கேட்கவில்லை. "அந்த மைக் செட்டுக்குக் குடுத்த காசுக்கு நாலு தேங்கா வாங்கியிருக்கலாம்" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பெண்கள் வெட்டினார்கள், தேங்காய் திருவினார்கள், அடுப்பைப் பார்த்தார்கள். யார் இல்லாதவர், யார் உள்ளவர் என்று தெரியவில்லை. கடைசிக் காம்பராப் பெண்ணும் வந்தாள். பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சியதைச் சட்டியில் மூடி எடுத்துக்கொண்டு எல்லாரும் போனார்கள். மாட்டுக்கு மிஞ்சவில்லை.

கட்டாரில் வேலை செய்யும் முதலாளியின் மகன் இதைக் கேள்விப்பட்டு மாவு வாங்கப் பணம் அனுப்பினான். முதலாளி முதல் மூட்டையைக் கொடுத்தனுப்பினார், இரண்டாவது மூட்டையோடு அவரே வேனில் வந்து இறங்கினார், கையில் ஃபோனையும் வைத்துக்கொண்டு.

"மகன் போட்டோ கேக்கிறான். மூட்டைக்குப் பக்கத்தில எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லுங்க டீச்சர்."

தங்கச்சி அன்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பிசைந்த மா அவள் முன்னால் குவிந்திருந்தது. வரிசை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் கை நின்றது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். போய்விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"போட்டோ வேணாம் நானா."

அது என் குரல் என்று எனக்கே கொஞ்சம் பிறகுதான் விளங்கியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி ஃபோனை இறக்கினார்.

"அட. நீ கதைப்பியா?"

யாரோ சிரித்தார்கள். ஆனாலும் விட முடியவில்லை.

"மூஞ்சி வேணாம் நானா. கைய எடுங்க."

"கையையா?"

"ரொட்டி தட்டுற கைய. மகன் அனுப்பின மா ரொட்டியாகுதுன்னு அவருக்குத் தெரியும்ல."

அவர் ஃபோனைப் பார்த்தார். மகனுக்கு என்ன சொல்வது என்று யோசித்திருப்பார். கொடுத்தவருக்கும் பார்க்க ஆசை இருக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு தங்கச்சிக்கு முன்னால் குனிந்தார். "தட்டுங்க புள்ள. மூஞ்சி விழாது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். தட்டினாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், வெள்ளை மா. அந்தப் படம்தான் கட்டாருக்குப் போனது. மறுநாள் கடையில் முதலாளி சொன்னார், "மகன் ஒண்டும் சொல்லல்ல. அந்த ரொட்டியில ஒண்டு அனுப்ப ஏலாதான்னு மட்டும் கேக்கிறான்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. மழை பிடித்து ரோட்டில் மண் சரிந்தால் மரக்கறி வராது. டின்னில் விழுவது குறைந்த மாதங்களும் உண்டு. மற்றக் கடைகளில் இன்னும் ஆற்றோரம்தான் கொட்டுகிறார்கள். தங்கச்சியின் வீட்டுக்காரர் திரும்பவில்லை. சில விடியலில் சுவருக்கு அந்தப் பக்கம் வாசனை இல்லாத சத்தம் மறுபடி கேட்டது. நான் படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். வெட்டும் இடத்தில் அவளுக்குக் கிடைத்த பங்கு வாரம் முழுவதும் வராது என்று எனக்குத் தெரியும். கேட்கத் தெரியாத எனக்கு, கேட்காமல் கொடுக்கவும் வழி தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் விடியலில் அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. முதல் காம்பராவில் அவசரத் தட்டு கேட்டது. கடைசிக் காம்பராவில் கேட்டது. மூன்றாம் காம்பராவில் மட்டும் இல்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று பயம் வந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் ஒளிக்காத குரல்.

"அக்கா, முழிச்சிட்டீங்களா? மா இருந்தாக் கொஞ்சம் தாங்க. எங்கள்ட்ட இல்ல."

"இருக்கு" என்றேன்.

கோப்பையில் மாவை அள்ளினேன். பாதித் தேங்காயை மேலே வைத்தேன். கதவைத் திறந்து சுற்றிப் போக அந்த இருட்டில் தோன்றவில்லை. ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினேன். அந்தப் பக்கம் அவள் கையை உயர்த்தி நின்றாள். பிள்ளைகள் விழித்து அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். கோப்பையை வாங்கும்போது அவள் கேட்டாள்.

"அன்னைக்கும் இந்த ஸ்டூல்லதான் ஏறுனீங்களாக்கா?"

நான் சுவர் விளிம்பில் சிந்திய மாவைத் துடைத்தேன்.

"மிலாறு ஒண்ணு விழுந்துச்சு" என்றாள். "அன்னைக்கு அதையும் வச்சுத்தான் தேத்தண்ணி வச்சேன்."

நான் இறங்கினேன். அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் தேங்காய் திருவும் சத்தம் வந்தது. பிறகு பலகையில், நிதானமாக, அந்தத் தட்டு வந்தது. நான் காத்திருந்தேன். கல் சுட நேரம் எடுத்தது. பிறகு சுவருக்கு மேலே வாசனை வந்தது.